மிதிக்க ஆள் இல்லாத வீடு

"வீட்டிலேயே பிரேக்குக்கு ஏர் எடுத்துவிட்டேன், ஒற்றை ஆளாக" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் காரை ஓட்டிக்கொண்டு வந்தால், முதல் வேலையாக அந்த வண்டிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள். வணக்கத்தையும் அங்கிருந்தே சொல்லலாம், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

நாமக்கல்லில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனிக்காரர்களே படம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களால் படம் போட முடியாத பாகம் ஒன்று ஒவ்வொரு காரிலும் இருக்கிறது. வண்டியின் சொந்தக்காரர்தான் அது. அந்தப் பாகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏர் எடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். காரின் பிரேக் எண்ணெயால் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் அழுத்திக்கொண்டு போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கிறது. குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதோடு முடிந்துபோகும், வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைச் சரியான நேரத்தில் திறந்து, சரியான நேரத்தில் மூட வேண்டும்.

இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் எண்ணெய்க்குள் முங்க விட்டு, பொறுமையாகச் செய்தால் நன்றாகவே வரும். ஆனால் பொறுமை இருக்கிறவர்களுக்கு உதவிக்கு எப்படியும் ஆள் கிடைத்துவிடுகிறது. அது இல்லாதவர்கள்தான் ஒற்றை ஆளாகக் களத்தில் இறங்குகிறார்கள்.

எத்தனை விதமாக இறங்கினார்கள் என்று பார்த்திருக்கிறேன். மோகனூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் கரும்பை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார். கரும்பு இரண்டாக உடைந்து, சீட்டெல்லாம் சாறாகி, எறும்பு மொய்த்த காரோடு வந்து, பிரேக்கைக்கூட அப்புறம் பார்க்கலாம், முதலில் எறும்பை எடுத்துக் கொடு என்றார். பண்ணைக்காரர் இன்னொருவர் கோழிக்குத் தடுப்பூசி போடும் ஊசியால் பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்தார். யோசனை ஒன்றும் மோசமில்லை. வேலை முடிந்ததும் அந்த ஊசியைத் துடைத்துப் பத்திரமாகப் பண்ணையிலேயே கொண்டுபோய் வைத்தார். அங்கிருந்த சூப்பர்வைசருக்கு மூக்கு நன்றாக வேலை செய்ததால் கோழிகள் தப்பித்தன.

இவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "மிதிக்க ஊட்ல ஆள் இல்லீங்க." எல்லோர் வீட்டிலும் ஆள் இருந்தது. செங்கோடண்ணன் என்கிறவருக்கோ வீடு நிறைய ஆள் இருந்தது.

செங்கோடண்ணன் சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர். வாழ்நாள் முழுக்கச் சொந்த லாரி ஓட்டி, வயதானதும் லாரியை விற்றுவிட்டு ஒரு சின்னக் கார் வாங்கியவர். முதல் தடவை வந்தபோது பெடல் சேற்றில் காலை வைத்த மாதிரிப் போனது. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "அண்ணா, பிரேக்குல ஏர் இருக்குதுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னே? ஏர் இல்லாம பிரேக்கு எப்புடித் தம்பி புடிக்கும்?"

லாரியின் பிரேக் காற்றால் வேலை செய்வது. டேங்க்கில் காற்று ஏறினால்தான் லாரி கிளம்பும், காற்று இருந்தால்தான் நிற்கும். மனிதனுக்கு மூச்சு எப்படியோ லாரிக்கு ஏர் அப்படி என்று சொல்லித்தான் இந்த ஊரில் குழந்தைகளை வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு பிரேக்குக்குக் காற்று எதிரி என்று சொல்கிறவனை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அவரும் அப்படித்தான் பார்த்தார். காருக்கு வேறு முறை என்று விளக்கினேன். "செரி, செரி" என்றார். அந்த "செரி, செரி"யை நீங்கள் கூடிய சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நீ சொன்னது காதில் விழவில்லை, ஆனால் நீ நல்ல பையன் என்று அதற்கு அர்த்தம்.

ஏர் எடுத்தோம், பெடல் கல் மாதிரி ஆனது, போனார். சில நாளில் திரும்பி வந்தார். மறுபடியும் காற்று. எங்கள் மேனேஜர் வயதில் சின்னவர், சுறுசுறுப்பானவர். சந்தேகம் வந்தால் யோசிக்கக் கூடாது, பாகத்தை மாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார். மாற்றினோம். கொஞ்ச நாள் கழித்து செங்கோடண்ணன் மூன்றாவது தடவையாக வந்தார், மறுபடியும் காற்றோடு. இந்த முறை ரிப்பேருக்காக வரவில்லை, எங்கள் மானத்தை வாங்கவே வந்திருந்தார். வாடிக்கையாளர்கள் உட்காரும் ஏசி அறையின் நடுவில் நின்றுகொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு என்ர வண்டி. இவிங்க தொட்ட நாள்லருந்து கெட்டுச்சு. ஆராச்சும் புது வண்டி கொண்டாந்திருந்தீங்கன்னா இப்பவே திருப்பிக்குங்க."

ஒருவர் நிஜமாகவே எழுந்து சாவியைத் தேடினார். மேனேஜர் ஓடிவந்து காபி கொடுத்தார். காபியைக் குடித்தபடி செங்கோடண்ணன் விஷயத்தைச் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காது குத்து. கொல்லிமலையில் இருக்கும் குலசாமி கோயிலில். ரொம்ப நாளாக வராமல் இருந்த மாப்பிள்ளை, மகள், குழந்தை எல்லோரும் பள்ளிபாளையத்திலிருந்து வருகிறார்கள். எல்லோரையும் இந்தக் காரில்தான் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்.

கொல்லிமலைப் பாதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது வண்டி கஷ்டப்படும். இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும், பிரேக் இருக்கிறதா என்று மலை நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். குமிழி புகுந்த பெடலோடு, இரண்டு வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் இறங்கப்போவது அந்தப் பாதையில்தான்.

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "இன்னொரு வாட்டி ஏர் எடுத்துக் குடுத்து அனுப்பிருங்க சார். நம்ம கேட்டைத் தாண்டறப்ப பெடல் நல்லா இருந்தாச் சரி. மலையில என்ன ஆனா நமக்கென்ன?" என்றார்.

அந்த "நமக்கென்ன"வைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? யோசித்தேன். எங்கேயும் எண்ணெய் கசியவில்லை. மாற்ற வேண்டியதை எல்லாம் மாற்றியாகிவிட்டது. எல்லா வழியும் அடைத்த குழாய்க்குள் காற்று தானாகப் போக முடியாது. யாரோ கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நடக்கவில்லை.

"அண்ணா, காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னால என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"சாமி கும்புடுவேன்."

"அதுக்கும் முன்னால?"

"டீ குடிப்பேன். ஏன், அதுலயும் ஏர் இருக்குதா?"

மறுபடியும் ஏர் எடுத்து, பெடலைக் கல்லாக்கி அனுப்பினேன். மறுநாள் வியாழக்கிழமை காலையில் டீ குடிக்க வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். "வீட்டுக்குப் போய்ப் பார்க்க நாம என்ன டாக்டரா சார்?" என்று மேனேஜர் சிரித்தார். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நேரத்தைவிட வீட்டில் இருக்கும் நேரம் அதிகம். நோய் எங்கே வருகிறதோ அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. வேப்பமரத்தடியில் கார் நின்றது. செங்கோடண்ணன் மனைவி பாவாயக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்ட மாப்பிள்ளை, கொடிக்கம்பியின் ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றார்.

செங்கோடண்ணன் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தார். கையில் சின்ன ஸ்பேனர், அதன் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. நிப்பிளைத் திறந்தார். எழுந்து போய்ச் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்தார். கீழே வைத்திருந்த கொட்டாங்குச்சியில் எண்ணெய் சொட்டியது. இறங்கி வந்து நிப்பிளை மூடினார். அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கேயும் அதே பூஜை. அப்புறம் பானெட்டைத் திறந்து, குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

முந்தின நாள் நாங்கள் பாடுபட்டு வெளியேற்றிய காற்று, என் கண்ணெதிரே மரியாதையாக உள்ளே அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"என்னுங்கண்ணா பண்றீங்க?"

"தண்ணி எறக்கறேன் தம்பி" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். "லாரிக்குத் தெனமும் காலையில ஏர் டேங்க்குல தண்ணி எறக்கோணும்ல? எறக்காத டிரைவரு உருப்பட்டிருக்கறானா? இதுக்கும் அப்புடித்தான். பிரேக் ஆயிலு காத்துல இருக்கற தண்ணிய இழுக்கும்னு போன்ல ஒரு பையன் அழகாச் சொன்னான். அவனும் ஒத்தை ஆளாத்தான் பண்றான்."

கவனித்துக்கொள்ளுங்கள். லாரியின் ஏர் டேங்க்கில் தண்ணீர் சேரும், தினமும் திறந்துவிடுகிறவர்தான் நல்ல டிரைவர். அது உண்மை. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்து ஒருவர் தினமும் காலையில் பக்தியோடு தன் பிரேக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தார். முழுப் பொய்யை நம்புகிறவரை மாற்றிவிடலாம். இப்படிப்பட்டவரை மாற்றுவதுதான் கஷ்டம், ஏனென்றால் எந்த இடத்தில் நாம் குறுக்கே பேசினாலும் அந்த இடத்தில் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்திருந்தால் அத்தோடு அவரை இழந்திருப்பேன். அடுத்தது என்ன செய்வது? அமைதியாக மறுபடி ஏர் எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை, நல்ல நாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பக்தியோடு தண்ணீர் இறக்கிவிட்டுத்தான் குழந்தையை ஏற்றுவார். எடுத்துச் சொல்லலாம், "செரி, செரி" என்பார். ஸ்பேனரைப் பிடுங்கலாம், ஆனால் அவர் வீட்டு ஸ்பேனரைப் பிடுங்க நான் யார்? பிரேக்கைச் சரிசெய்வது எனக்கு ஒரு மணி நேர வேலை. சரிசெய்த பிரேக்கை இவரிடமிருந்து ஓர் இரவு காப்பாற்றுவதுதான் பிரச்சினை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மிதிக்கும்போது இந்த மனிதர் சீட்டில் இருக்கிறார். சக்கரத்துப் பக்கம் வரும்போது பெடலில் யாரும் இல்லை. தன் கால் மிதிப்பதால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.

"அண்ணா, உங்க முறைப்படியே பண்ணலாமுங்க. மிதிக்க மட்டும் ஒரு ஆள் வேணும்" என்றேன்.

"ஆளா? இந்த ஊட்ல ஆளுக்கு நான் எங்க போவேன்?"

இதை அவர் சொன்னபோது மாப்பிள்ளை கொடிக்கம்பியிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு இடம் மாறினார். ஜன்னலில் நின்ற மகள் உள்ளே போய்விட்டாள். குழந்தைக்குத் தாய்மாமனான மகன் அன்றைக்கே பைக்கில் மலைக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அப்பா கையில் ஸ்பேனர் இருக்கும்போது காருக்குப் பக்கத்தில் போவதில்லை என்பது அவனுடைய கொள்கையாம்.

காரணத்தைப் பாவாயக்காதான் பிறகு சொன்னார். கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைச் செங்கோடண்ணன் இதே காரில் உட்கார வைத்து, மிதிக்கச் சொல்லி ஏதோ பிரேக் வேலை பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை காலைக் கொஞ்சம் முன்னதாக எடுத்துவிட்டார். உடனே இவருக்கு நாற்பது வருஷ லாரிப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "எந்தக் கழுதடா உன்னையக் கிளீனர் வேலைக்குச் சேத்துச்சு?" என்று தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறார். பொண்ணு கொடுத்துச் சேர்த்தவர் அவரேதான். மாப்பிள்ளை அதைச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர்தான், குழந்தை பிறந்து இவ்வளவு காலம் கழித்து, காது குத்துக்காக இப்போதுதான் வந்திருக்கிறார்.

கோலப்பொடிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாவாயக்கா வந்தார். "நான் மிதிக்கறேனுங்க."

"உனக்கென்ன புள்ள தெரியும் பிரேக்கைப் பத்தி?"

"கல்யாணமான நாள்லருந்து உங்க பக்கத்து சீட்டுலதானுங்க வாரேன். இல்லாத பிரேக்கைத் தரையில மிதிச்சு மிதிச்சு முட்டியே தேஞ்சு போச்சு. இன்னிக்கு ஒரு நாள் நெசப் பிரேக்கை மிதிச்சுப் பாக்கறனே."

பாவாயக்கா ஏறி உட்கார்ந்து மிதித்தார். மிதித்தவரின் முகம் மாறியது. மறுபடி மிதித்தார்.

"தம்பி, இது போயிக்கிட்டே இருக்குதுங்க. அடியே தட்ட மாட்டேங்குது."

"ஆமாங்கக்கா."

கணவரைத் திரும்பிப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. "இதுலயா எம்பட பேத்திய ஏத்தி மலை எறக்கறதுக்குப் பாத்தீங்க?"

"நேத்து ஒர்க்‌ஷாப்புல..." என்று ஆரம்பித்தவரைக் கையைப் பிடித்துச் சக்கரத்தண்டை குந்த வைத்தேன். என் பையிலிருந்த சலைன் டியூபை நிப்பிளில் மாட்டினேன். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும் டியூப் அது. மறுமுனையை எதிலும் முங்க விடாமல், அவர் தினமும் செய்கிற மாதிரியே காற்றில் விட்டேன். "நீங்களே தெறங்கண்ணா. நான் ஒண்ணும் சொல்லுல. அக்கா, மிதிங்க."

எண்ணெய் டியூபில் ஏறி வந்தது. செங்கோடண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். "வருது பாரு."

"அக்கா, இப்பக் காலை எடுங்க."

வந்த எண்ணெய் பின்னால் போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காற்றும் உள்ளே போனது. மறுபடி மிதிக்கச் சொன்னேன். எண்ணெய் பாதி, குமிழி பாதியாக வந்தது. காலை எடுத்ததும் மறுபடி உள்ளே போனது. செங்கோடண்ணன் டியூபுக்கு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இன்னொருக்கா மிதி புள்ள" என்றார். பார்த்தார். "இன்னொருக்கா." கொட்டகையிலிருந்து மாடு மட்டும் கத்தியது.

கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். எப்போது நினைத்தீர்கள், மாஸ்டர் சிலிண்டரை மாற்றியபோதா, எங்கள் ஏசி அறையில் பிரசங்கம் செய்தபோதா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. கண்டுபிடித்தவர் அவராகவே இருக்கட்டும். நமக்கு வேண்டியது குழந்தை மலையிலிருந்து முழுசாக இறங்குவது.

அப்புறம் நிஜமாக ஏர் எடுக்க உட்கார்ந்தோம். அக்கா பெடலில், அண்ணன் நிப்பிளில், நான் நடுவில். "மிதி!" என்று அண்ணன் முதல் சத்தம் போட்டதும் வேப்பமரத்துக் காக்காய்கள் எழும்பின. அக்கா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

"சத்தம் போட்டீங்கன்னா எறங்கிப் போயிருவேன். சோத்துக்கு அரிசி இன்னும் கழுவுல."

செங்கோடண்ணன் என்னைப் பார்த்தார். நான் டியூபைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாம் மனிதருக்குக் கேட்காத குரலில், "மிதி... புடிச்சுக்க... ம், உடு" என்றார். வேலை அப்படியே நடந்தது. வீட்டில் இப்படி ஒரு அமைதியைக் கேட்டிராத மாப்பிள்ளை, மாமனாருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் போகவில்லை. ஆயில் டப்பாவை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மகளும் வந்தாள். மிதிக்க ஆள் இல்லாத வீட்டில் கொஞ்ச நேரத்தில் காரைச் சுற்றி நிற்க இடமில்லை.

பெடல் கல்லானது. ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், இழுத்துப் பிடித்தது. கிளம்பும்போது செங்கோடண்ணன், "நாளைக்கு நீயும் வா தம்பி. உன்ர வேலை மேல உனக்கே நம்பிக்கை இருந்தா வா" என்றார். எல்லோர் எதிரிலும் அப்படிக் கேட்டால் எந்த மெக்கானிக்கால் மறுக்க முடியும்? வருகிறேன் என்றேன். நாம் கை வைத்த பிரேக்கை நம்பி நாமே உட்கார மாட்டோம் என்றால், அதில் யாரையும் உட்கார வைக்க நமக்கு உரிமை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை நேரத்திலேயே போய் முதல் வேலையாகப் பெடலை மிதித்துப் பார்த்தேன். கல். மனசு குளிர்ந்தது. இறங்கினால், புது வேட்டி கட்டிய செங்கோடண்ணன் டிக்கியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்னத்தத் தேடறீங்கண்ணா?"

"அந்தச் சின்ன ஸ்பேனரைக் காணம் தம்பி."

"எதுக்குங்க?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். "சும்மா, ஒரு சொட்டு மட்டும். நல்ல நாளு பாரு, வழக்கத்தை உடக் கூடாது."

முந்தின நாள் டியூபுக்குள் மூக்கை விடாத குறையாகப் பார்த்தவர். நான் அப்பவே நெனச்சேன் என்றவர். புத்திக்குத் தெரிந்துவிட்டால் கைக்கும் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கை தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு ரொம்ப நாள் ஆகும். நல்லவேளையாக, நேரமாகிவிட்டது என்று பாவாயக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டார், ஸ்பேனர் கிடைக்கவில்லை, கிளம்பிவிட்டோம்.

மலை ஏறினோம். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை போட்ட சத்தத்தில் தாத்தாவின் ரத்தம் ஓடுகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பொங்கல் சாப்பிட்டோம். நான் இலையில் உட்கார்ந்திருந்தபோது செங்கோடண்ணனைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காரின் பக்கமிருந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தாராம். அதற்கு மேல் பொங்கல் எனக்கு இறங்கவில்லை. சாவியை வாங்கி ஒரு தடவை பெடலை மிதித்துப் பார்க்கலாம் என்றால், அதற்குள் எல்லோரும் வண்டியில் ஏறி, அவரும் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

இறங்க ஆரம்பித்தோம். வண்டி ஓட்டுவது என்றால் அவர் ஓட்டியதைத்தான் சொல்ல வேண்டும். சின்ன கியரில் எஞ்சினை வைத்தே வண்டியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டு, பாலை ஆற்றுகிற மாதிரி இறக்கினார். லாரிக்காரர் என்றால் லாரிக்காரர்தான். கூடவே பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்குப் பாடமும் நடந்தது. "காருக்கு ஏர் ஆவாதுங்க மாப்பள. லாரிக்கு வேற, காருக்கு வேற. ஒர்க்‌ஷாப்புக்காரனுக்கே இது தெரியாது. நாமளாக் கண்டுபுடிச்சாத்தான் உண்டு." மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையின் அழகைப் பார்த்தேன்.

முன் சீட்டில் பாவாயக்கா. அவருடைய கால் இல்லாத பிரேக்கைத் தேடுகிறதா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு காலையும் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவு வந்தது. பள்ளம் நேராகக் கண்ணில் தெரிந்தது. கோயிலில் அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்த காட்சி எனக்கு ஞாபகம் வந்தது.

பாவாயக்கா மெல்லத் திரும்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். அப்போதுதான் நானும் கீழே பார்த்தேன். என் வலது கால் முன்சீட்டுக்கு அடியில் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா, ஓட்டுகிறவருக்குக் கேட்காதபடி, இடுப்பில் செருகியிருந்த சேலை முடிச்சைத் தட்டிக் காட்டினார்.

"பயப்படாதீங்க தம்பி. ஸ்பேனரு நேத்துலருந்து எம்பட மடியிலதான் இருக்குது."

அதற்கப்புறம்தான் என் கால் தரையை விட்டது.